குளத்துக்கு விருந்தாளியாகப் போவோம்

(நம் சங்கத்தின் 2025 பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாமல் போன உறுப்பினர்களுக்காகச் செயலாளர் கேட்டு வாங்கியது.)



"நம்ம ஊரைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை போய்வர என்னென்ன இடம் இருக்குதுன்னு பத்து நிமிசம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறேன். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடங்களைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஆனால் நடுவில் என் தவறு ஒன்றையும் உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் ஞாயிறு எப்படி விடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை சம்பளம். ஒன்றரை ஷிப்ட் பார்த்த அலுப்பு. ஞாயிறு எட்டு மணிக்கு எழுந்து, கறிக்கடையில் வரிசையில் நின்று, சாப்பிட்டுப் படுத்தால் பொழுது சாய்ந்துவிடுகிறது. பிள்ளைகள் "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றால் சினிமா, இல்லையென்றால் கடைவீதி. "திருப்பூர்ல என்ன இருக்குது, கம்பெனிதான் இருக்குது" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

அப்படி இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆண்டிபாளையம் குளம் இருக்கிறது, படகில் போய்வரலாம். முழு நாள் கிடைத்தால் உடுமலைப் பக்கம் திருமூர்த்தி மலை. அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மேலே பஞ்சலிங்க அருவிக்கு நடந்து ஏறலாம். மலைமேல் மழை பெய்தால் அருவிக்கு விட மாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று அங்கே நிற்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே வெள்ளம் இறங்கிவிடும். அமராவதி அணைக்குப் போனால் முதலைப் பண்ணையையும் பார்க்கலாம். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் ஊதியூர் மலை இருக்கிறது. அங்கே விடியற்காலையில் ஏறிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.

இதெல்லாம் உங்களில் பலர் பார்த்த இடங்கள்தான். அரை நாள்கூட வேண்டாம், பெட்ரோலும் அதிகம் ஆகாது, வண்டி எடுத்தால் அரை மணியில் போய்விடலாம் என்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஊத்துக்குளி சாலையில் கூலிபாளையம், சர்க்கார் பெரியபாளையம் பக்கத்தில் உள்ள நஞ்சராயன் குளம். கை தூக்கச் சொன்னால் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தூக்குவீர்கள் என்று தெரியவில்லை. பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் நானும் தூக்கியிருக்க மாட்டேன்.

நஞ்சராயன் என்ற அரசர் பல நூற்றாண்டுக்கு முன் இந்தக் குளத்தைச் சீர் செய்ததால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பரப்பு 125.865 ஹெக்டேர், நம் கணக்கில் 311 ஏக்கர். ஆழம் குறைவு. நல்லாற்றில் மழைநீர் வந்தால் நிறையும். ஆழம் குறைந்த தண்ணீரில் சேறும் கோரையும் பூச்சியும் மீனும் சேரும். பறவைக்கு அதுதான் சமையலறை. இது தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம். சென்ற ஆகஸ்டில், 2024 சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியோடும் மத்தியப் பிரதேசத்து தவா நீர்த்தேக்கத்தோடும் சேர்த்து இதை ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஓர் ஊர். 1971-இல் பல நாடுகள் அங்கே கூடி, உலகத்துக்கே முக்கியமான ஈரநிலங்களைக் காப்போம் என்று ஒப்பந்தம் செய்தன. அந்தப் பட்டியலில் இன்று நம் குளமும் இருக்கிறது. இங்கே 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் பதிவாகியிருக்கின்றன.

கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் இருக்கும். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து வரும். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்தும் இங்கே வந்திருக்கிறது. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலைக்கு மேலே பறந்து வருகிற பறவை அது.

இனி நான் முதலில் போன கதை. சில வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி ஞாயிறு. என் பவர் டேபிளில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் குடும்பம் என்று இருபத்தைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. ஒரு தம்பி புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார். பிள்ளைகள் மிக்சரை அள்ளித் தண்ணீரில் வீசினார்கள். தூரத்தில் கறுப்பாக ஒரு கூட்டம் மிதந்தது. பறக்கிற மாதிரி போட்டோ எடுக்கலாம் என்று ஒருவர் கை தட்டினார். நான்தான் "இன்னும் சத்தமாத் தட்டுங்க" என்றேன். கூட்டம் முழுக்க எழும்பி எதிர்க்கரைக்குப் போய்விட்டது. எங்கள் போட்டோவில் வெறும் வானம்தான் இருந்தது. "ஒன்னுமே இல்லீங்களே" என்று சொல்லிக்கொண்டு பிரியாணி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஒன்றுமே இல்லாமல் செய்தது நாங்கள்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, இளைப்பாறித் தீனி தின்று, திரும்பிப் போவதற்கு உடம்பில் கொழுப்பு சேர்க்கிற பறவை அது. ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சாப்பாட்டு இலையிலிருந்து எழுப்பிவிடுவோமா?

இரண்டாவது முறை நான்கே பேர் போனோம். காலை ஆறரை மணி. எங்களோடு வந்தவர் இருபது வருடமாகச் செக்கிங்கில் இருக்கிற ஓர் அக்கா. கரையில் நின்று நாங்கள் மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் சேற்றோரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அந்தக் கோரைக்குக் கீழ பாருங்க, ரெண்டு உக்காந்திருக்குது" என்றார். எனக்கு மண்கட்டிதான் தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து அந்த மண்கட்டி நடந்தது. நீளமான அலகு, உடம்பெல்லாம் காய்ந்த புல்லின் நிறத்தில் கோடு. உள்ளான்.

"எப்படிக்கா பார்த்தீங்க?" என்றேன்.

"துணியில ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பாக்கறதில்லீங்களா, அதே மாதிரிதான். ஒரே சீரா இருக்கறதுல எது சீரா இல்லைன்னு பாக்கோணும், அவ்வளவுதானுங்க."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பறவை பார்க்கப் பெரிய கேமரா வேண்டியதில்லை. நம் ஊரில் ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தக் கண் வேலையிலேயே பழகியிருக்கிறது. அந்த அக்கா இப்போது முப்பது பறவைக்கு மேல் பெயர் சொல்கிறார். எங்களோடு சில தடவை வந்த ஒடிசாப் பெண் ஒருவர், ஓவர்லாக் டைலர், வரித்தலை வாத்தின் படத்தைப் பார்த்ததுமே "எங்க ஊர் சிலிகா ஏரியில் இது நிறைய வரும்" என்றார். அதுவரை அவர் ஊரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நம் தெருக்களில் வாடகைக்கு இருக்கிற வெளி மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் ஞாயிறு போக இடமில்லை. அவர்களையும் கூப்பிடுங்கள்.

இப்போது என் தவறு. சென்ற வருடம் ஒரு காலை குளத்துக்குப் போகிற வழியில், சாலையோரம் ஒரு மூட்டை கிழிந்து கிடந்தது. கட்டிங் வேஸ்ட், நூல், எலாஸ்டிக் துண்டு. குனிந்து பார்த்தேன். அதில் கிடந்த சைஸ் லேபிளை நான் அறிவேன். இரண்டு மாதம் முன் என் பவர் டேபிளில் தைத்த சரக்கின் லேபிள். கழிவை எடுத்துப்போகிற வண்டிக்காரரிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிட்டு, எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விலைபோகிற துணியை அவர் விற்றுக்கொண்டார். விலைபோகாதது அங்கே கிடந்தது.

அதே மாதம் ஒரு நீர்க்காகத்தைப் பார்த்தேன். ஒரு காலில் நூல் சுற்றி, விரல்கள் ஒட்டிக்கொண்டு, சரியாக உட்கார முடியாமல் தடுமாறியது. அது என் நூல்தான் என்று சொல்ல முடியாது. என் நூல் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பாலியெஸ்டர் நூல் மக்காது. தையலுக்கு அதன் பலம் எது என்று பார்த்து வாங்குகிறோமோ, அதே பலம்தான் பறவையின் காலை அறுக்கிறது.

இந்த ஊருக்கு இது புதுப் பாடம் இல்லை. நொய்யலில் சாயநீர் ஓடியது நமக்குத் தெரியும். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் பட்ட பாடும் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நம்மில் எத்தனை பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தோம்! அப்போது "அது சாயப்பட்டறைக்காரங்க தப்பு" என்று நான் சொன்னேன். தையல் வேலையில் தண்ணீரே இல்லை, நமக்கென்ன என்று நினைத்தேன். அந்த மூட்டை எனக்குப் பதில் சொல்லிவிட்டது.

இப்போது என் இடத்தில் மூன்று சாக்கு வைத்திருக்கிறோம். துணித் துண்டு ஒன்றில், நூலும் எலாஸ்டிக்கும் ஒன்றில், பாலித்தீனும் லேபிளும் ஒன்றில். எங்கே இறக்குகிறார் என்று நான் நேரில் போய்ப் பார்த்த ஆளிடம் மட்டுமே கொடுக்கிறேன். மாதம் சில நூறு ரூபாய் கூடுதல் செலவு. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிச் செலவுகூட வராது.

இனி, நீங்கள் போவதற்குச் சில குறிப்புகள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஆறரைக்குள் கரையில் இருங்கள், ஒன்பது மணிக்குத் திரும்பிவிடலாம். கறிக்கடைக்கும் நேரம் இருக்கும். ஆலிவ், காக்கி, பழுப்பு நிற பனியன் போடுங்கள். ஃப்ளோரசன்ட் நிறத்தைத் தைத்து அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வோம். ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஸ்பீக்கர், பட்டாசு, ட்ரோன் வேண்டாம். பறவைக்குத் தீனி போடாதீர்கள், அதற்கு வேண்டியது குளத்தில் இருக்கிறது. கொண்டுபோன பையையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். சரணாலயம் என்பதால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். வனத்துறை ஊழியர் "இதுக்கு மேல போகாதீங்க" என்றால் நில்லுங்கள். இறைச்சிக்கு யாராவது வலை போடுவதைப் பார்த்தால் நீங்களே சண்டைக்குப் போகாமல் அவர்களிடம் சொல்லுங்கள். திரும்பும் வழியில் சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயிலுக்குள்ளும் போய்வாருங்கள். தொல்லியல் துறை பராமரிக்கும் பழைய கற்கோயில்.

முதல் நாளே வரித்தலை வாத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று போகாதீர்கள். சில வருடம் வரும், சில வருடம் கண்ணில் படாது. ஒரு நாமக்கோழி தண்ணீரில் ஓடி எழும்புவதைப் பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்தாலே போதும். வாரம் ஆறு நாள் மெஷின் சத்தத்தில் இருக்கிற காதுக்கு அது என்ன செய்கிறது என்று நீங்களே வந்து சொல்வீர்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், இந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமை. அன்று பன்னிரண்டு பேரோடு முதல் நடையைத் தொடங்குவோம், பிறகு மாதம் ஒரு முறை போவோம். பெயர் கொடுக்கிற வரிசைப்படி அழைத்துப்போகிறேன். இரண்டாவது, நம் தெருக்களில் இருக்கிற பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் யூனிட்டுகளின் நூல், எலாஸ்டிக் கழிவை ஒரே நாளில் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்து, எங்கே போகிறது என்பதைச் சங்கம் எழுதி வைக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயராக என் யூனிட்டை எழுதிக்கொள்ளுங்கள். என் லேபிள் இன்னொரு முறை அந்தச் சாலையோரம் கிடந்தால், இதே மேடையில் என்னை நிற்கவைத்துக் கேளுங்கள்.

பிப்ரவரி 2, காலை ஆறு மணிக்கு, நல்லூர் ஈஸ்வரன் கோயில் முன்னால் இருப்பேன். வாங்க.