தாராவியின் தரவும் தில்லியின் வாரியமும்

(மும்பை தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 மார்ச் 18 அன்று தாராவியின் கமலா ராமன் நகரில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. குடிசைதோறும் ஓர் எண் இடப்பட்டது. லேசர் கருவி கொண்டு வீடுகள் அளக்கப்பட்டன. குடியிருப்போரின் ஆவணங்கள் திரட்டப்பட்டன. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்பவருக்குத் தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே. இதனைத் தீர்மானிப்பது இந்தத் தரவே. ஆகவே நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த குடும்பத்தின் பழைய ரேஷன் அட்டையும் மின்கட்டண ரசீதும் வெறும் காகிதங்கள் அல்ல. அக்குடும்பத்தின் வாழ்விடமே அவற்றில் அடங்கியுள்ளது.

திட்டத்தை நிறைவேற்றும் நிறுவனத்தில் அதானி குழுமத்தின் பங்கு 80 விழுக்காடு. மராட்டிய அரசின் பங்கு 20 விழுக்காடு. திரட்டிய தரவு கசிந்தாலோ, வேறு நோக்கத்திற்குப் பயன்பட்டாலோ தாராவிவாசி எவரிடம் முறையிடுவார்?

காத்திருக்கும் உரிமை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, சுதந்திரமான தரவுப் பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அந்த ஆணையத்தைக் கைவிட்டு, ஒரு வாரியத்தை மட்டும் வைத்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாதங்கள் அவகாசம் தரப்பட்டது. தாராவியில் தரவு திரட்டத் தொடங்கியபோது, சட்டம் ஏட்டில் மட்டுமே இருந்தது.

வாரியம் எவருடையது?

வாரியத் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது ஒன்றிய அரசு. தலைவரைப் பரிந்துரைக்கும் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் அமைச்சரவைச் செயலாளர். பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள், மறுநியமனத்திற்கும் இடமுண்டு. நாட்டிலேயே மிகுதியான தரவை வைத்திருப்பது அரசு. மறுநியமனத்தை எதிர்நோக்கும் ஒருவர் அந்த அரசுக்கு எதிராக ஆணையிடுவது எளிதன்று. அதற்கும் மேலாக, தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்களிக்கும் அதிகாரத்தை 17ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்கு அளிக்கிறது.

பாதிக்கப்பட்டவர் முதலில் தரவை வைத்திருக்கும் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். அதன் பிறகே வாரியத்தை அணுக முடியும். பாதுகாப்பில் தவறிய நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அத்தொகை முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்கே செல்லும். இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. மாறாக, பொய்யான அல்லது அற்பமான புகார் அளித்ததாகக் கருதப்படும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பிற நாடுகளின் பாடம்

ஹங்கேரி அரசு தன் தரவுப் பாதுகாப்பு ஆணையரின் பதவிக்காலத்தை இடையிலேயே முடித்தது. அது சட்டமீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023 மே மாதத்தில் மெட்டா நிறுவனத்திற்கு அயர்லாந்து ஆணையம் 120 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதுவும் ஐரோப்பிய வாரியம் கட்டாயப்படுத்திய பின்னரே நிகழ்ந்தது. முதலாளித்துவ அரசுகளின் ஆணையங்களிடம் வர்க்க நடுநிலையை எதிர்பார்க்க இயலாது. எனினும் போராடிப் பெற்ற சுதந்திரம் சிறிதளவேனும் இருக்கும் இடத்தில் பெருநிறுவனம் பதில் சொல்ல நேர்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அனைவர் கைபேசியிலும் உள்ள வாட்ஸ்அப்பின் 2021ஆம் ஆண்டுக் கொள்கைக்காக 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். தரவுக்கென ஓர் ஒழுங்குமுறை அமைப்பு அன்று இங்கு இயங்கவில்லை.

பறிபோன கேள்வி

வாரியத்தை நிறுவிய அதே நவம்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவும் திருத்தப்பட்டது. ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒற்றைக் காரணத்தைக் காட்டியே இனி விவரங்களை மறுக்கலாம். பொதுநலன் கருதி வெளியிட 8(2) பிரிவு உள்ளதே என்கிறது அரசு. அந்தப் பொதுநலனை முதலில் எடைபோடுபவரும் அரசு அலுவலரே. மறுவாழ்வுப் பட்டியலில் எவர் பெயர் எதனால் விடுபட்டது, எவர் பெயர் எப்படி நுழைந்தது என்று ஒரு பகுதி மக்கள் கூடிக் கேட்டால், இந்தத் திருத்தமே மறுப்புக்குக் காரணமாகக் காட்டப்படலாம். ஏழையின் ஆவணம் பெருநிறுவனத்திற்குத் திறந்திருக்க, அதிகாரத்தின் ஏடு ஏழைக்கு மூடப்படுகிறது.

கோரிக்கைகளும் கடமைகளும்

நாடாளுமன்றத்திற்குப் பொறுப்பான சுதந்திர ஆணையம், பாதிக்கப்பட்டவருக்கு நேரடி இழப்பீடு, அரசு அமைப்புகளுக்கான விலக்கு ரத்து, தகவல் உரிமைப் பிரிவின் மீட்பு ஆகிய நான்கையும் இணைத்தே முழங்க வேண்டும்.

கோரிக்கை வெல்லும் வரை கிளைகளுக்கும் வேலை உண்டு. மூல ஆவணத்தை எவரிடமும் ஒப்படைக்காமல் நகலை மட்டும் தருதல். நகலில் தேதியையும் நோக்கத்தையும் எழுதுதல். பெற்றதற்கான ரசீதைக் கேட்டு வாங்குதல். மறுக்கப்பட்டால் கூட்டாக எழுத்தில் முறையிடுதல். இவற்றைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஒவ்வொரு சந்துக்கும் கொண்டு செல்ல வேண்டும். தனி மனிதரின் புகாரை நிறுவனம் கோப்பில் புதைத்துவிடும். ஒரு சந்தே திரண்டு கையெழுத்திட்ட மனுவை அவ்வாறு புதைப்பது கடினம்.