எட்டாம் பாடம்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை, பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒரு விடயத்தைப் பற்றிக் கதைக்கும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். சிறுவர் நோய் மருத்துவர் என்பதால் பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், நூலகர், ஆசிரியர் என்று எந்தத் தொழிலில் இருந்தாலும் நாங்கள் மாநாடுகளுக்குப் போகிறோம். மூன்று நாள் மாநாடு என்றால் மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் மண்டபம் வெறிச்சோடிப் போகிறது. ஏன்?

சிரிக்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் அப்படி எழும்பிப் போனவர்கள்தானே.

என்னுடைய முதலாவது ஆய்வுக் கட்டுரையை 1990களின் பிற்பகுதியில் கொழும்பில் வாசித்தேன். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இருந்த இரத்தச்சோகையைப் பற்றியது அது. மூன்றாம் நாள் பின்னேரம் கடைசிக்கு முதல் இடம் எனக்குக் கிடைத்தது. முன்னூறு கதிரைகள் போட்ட மண்டபத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தலைமை வகித்தவர், ஒருவர் சிலைட் போடுபவர், மூவர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழாமல் வாசித்து முடித்தேன்.

இரண்டாவது வரிசையில் இருந்த மூத்த மருத்துவர் ஒருவர் எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை, இந்தச் சிறுவர்கள் சாப்பாட்டோடு என்ன குடிக்கிறார்கள் என்று கேட்டீரா?"

நான் கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். சோற்றோடு பிளேன்ரீ குடித்தார்கள். நாங்கள் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் பிளேன்ரீயோடுதான் விழுங்கினார்கள். தேயிலையில் உள்ள தனின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். புத்தகத்தில் படித்திருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வரும் ஒவ்வொரு தாயிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். அந்த அம்மையாரும் மதிய போசனத்தோடு வெளிக்கிட்டிருந்தால் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திருக்காது.

பிற்காலத்தில் சில மாநாடுகளுக்குச் செயலாளராகவும் இருந்தேன். இடையில் போகிறவர்களை வாசலில் நின்று வழியனுப்பியிருக்கிறேன். அக்கறையில்லாமல் போனவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்குக் காரணங்கள் இருந்தன.

முதலாவது பயணம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். திங்கட்கிழமை காலை வேலைக்கு நிற்க வேண்டியவர் ஞாயிறு இரவு பஸ்ஸைத் தவறவிட முடியாது. ஹோட்டலில் மத்தியானத்துக்கு முன் அறையை ஒப்படைக்கச் சொல்வார்கள். பயணப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு இருப்பவருக்கு உரையில் மனம் போகுமா?

இரண்டாவது வீடு. இதைப் பெண்களாகிய எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டு நாளுக்குச் சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருப்போம். மூன்றாம் நாள் காலையிலேயே தொலைபேசி வரும். "அம்மா, என்ர சீருடை எங்கே?"

மூன்றாவது களைப்பு. காலை எட்டரை தொடக்கம் மாலை ஐந்தரை வரை குளிரூட்டிய மண்டபத்தில் இரண்டு நாள் இருந்தவருக்கு, மூன்றாம் நாள் எந்தக் கட்டுரையும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

நான்காவது காரணம் ஏற்பாட்டாளர்களாகிய நாங்கள். முதல் நாள் மங்கல விளக்கு, பிரதம விருந்தினர், பேருரை. இரண்டாம் நாள் இராப்போசனமும் இசையும். எஞ்சியதெல்லாம் மூன்றாம் நாளுக்கு. பெயர் தெரியாத இளையவர்களின் கட்டுரைகளை அங்கே அடுக்கி, அவற்றின் பின்னால் நான்கு நன்றியுரைகளையும் வைப்போம். வருகைச் சான்றிதழை இரண்டாம் நாளே கொடுத்துவிடுவோம். மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையிலேயே காட்சிக்கூடங்களைக் கழற்றத் தொடங்குவார்கள். கடை கட்டும் சத்தம் கேட்ட பிறகு சந்தையில் யார் நிற்பார்கள்?

கடைசி நாளில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி சொல்கிறேன். 1930 செப்டெம்பரில், அப்போது ஜேர்மனியில் இருந்த கேனிக்ஸ்பேர்க் நகரில், கணிதத்தின் அடிப்படைகள் பற்றி மூன்று நாள் மாநாடொன்று நடந்தது. மூன்றாம் நாளான 7ஆம் திகதி கலந்துரையாடலின்போது, குர்ட் கேடல் என்ற 24 வயது இளைஞர் சில வசனங்களில் ஒரு முடிவைச் சொன்னார். எண்கணிதத்தை உள்ளடக்கிய முரணற்ற ஒரு முறைமையில், உண்மையாக இருந்தும் அந்த முறைமைக்குள் நிறுவ முடியாத கூற்றுகள் இருக்கும் என்பதே அது. இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று. அங்கிருந்தவர்களில் அதன் பெறுமதியை உடனே உணர்ந்தவராக அறியப்படுபவர் ஜோன் வொன் நொய்மன். கூட்டம் முடிந்ததும் அவர் அந்த இளைஞரைத் தேடிப் போய் மேலும் விசாரித்தார். அதற்கு அவர் அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். எட்டு வருடங்களுக்கு முன், நான் மூத்தவர்களில் ஒருத்தியாக அழைக்கப்பட்டிருந்த ஒரு மாநாடு. முதல் நாள் என் உரைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாம் நாள் மதிய போசனம் முடிந்ததும் நான் வெளிக்கிட்டேன். அவசரம் ஒன்றுமில்லை. இரவு பஸ்ஸுக்கு முன் வெள்ளவத்தையில் சேலை பார்க்க வேண்டும் என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான். அன்று பின்னேரம் இரண்டரைக்கு எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவர் தன் முதலாவது கட்டுரையை வாசித்தார். நிகழ்ச்சி நிரலில் அவருடைய பெயரைப் பார்த்திருந்தேன். அடுத்த மாதம் சந்தித்தபோது அவர் குறை சொல்லவில்லை. "டொக்டர், நீங்கள் இருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

பதினொரு பேருக்கு முன்னால் வாசித்த நான், இன்னொரு பிள்ளையின் மண்டபத்தில் ஒரு கதிரையை வெறுமையாக்கிவிட்டு வந்தேன். அவர் இன்று இங்கே இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் எட்டாம் பாடம் நினைவிருக்கிறதா? வெயில் சரிந்து யன்னலால் முகத்தில் அடிக்கும். ஏழாம் பாடம் முடியும்போதே புத்தகப் பைகளைக் கட்டிவிடுவோம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை எட்டாம் பாடம் புவியியல். அந்த ரீச்சர் அன்று பாடப் புத்தகத்தைத் திறக்கமாட்டார். ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளை முன்னுக்கு வந்து தன் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளம், கிணறு, பனங்கூடல், கடற்கரை எதுவானாலும் சரி. யாராவது பையைத் தொட்டால் ரீச்சர் சொல்வார்: "சொல்லுற பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ. பை ஓடிப் போகாது."

ஒரு நாள் தன் முறை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகையால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த வகுப்பில் மணி அடித்த பிறகும் ஒருவரும் எழும்பமாட்டார்கள்.

மாநாடு ஒழுங்கு செய்யும் தங்கைமாருக்கு என் வேண்டுகோள் இதுதான். மூன்றாம் நாளை மத்தியானத்தோடு முடியுங்கள். நல்ல உரையொன்றை அன்றைக்கு வையுங்கள். இளையவர்களை முதல் நாள் காலையிலும் மேடையேற்றுங்கள். ஒரு நன்றியுரை போதும். பயணம் செய்பவருக்குப் பஸ் நேரத்தைப் பார்த்து நிகழ்ச்சியை வகுத்துக் கொடுங்கள். போகவே வேண்டியவர் போகட்டும். வீட்டில் நோயாளி இருப்பவரை ஒருவரும் குறை சொல்ல முடியாது. சேலை பார்க்கப் போகிறவர் மட்டும் ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம்.

இந்த விழாவுக்கும் நாளை மூன்றாம் நாள். இன்றிரவு விருந்து முடிந்ததும் பலர் புறப்படுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். நாளைக் காலை ஒன்பதரைக்கு, இப்போது இங்கே உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் தாங்கள் செய்த ஆய்வுகளை இதே மேடையில் சொல்லப் போகிறார்கள். அவர்களுடைய நிகழ்ச்சியை நாங்கள் கடைசி நாளில் வைத்திருக்கிறோம். விழாக் குழுவில் நானும் ஒருத்தி என்பதால் அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் இத்தனை தூரம் வந்த அக்காமாரே, முடியுமானால் நாளைக் காலை வந்து முன்வரிசையில் இருங்கள். ஒரு பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பெரிய கேள்வியாக இருக்க வேண்டியதில்லை.