ஆதிகாலந்தொட்டு என்னும் விடை



வெள்ளிவிழாக் காணும் நமது சங்கத்தின் படிப்பகத்தில் தேர்வு நூல்களே மிகுதியும் புரட்டப்படுகின்றன. அதில் குறை காண்பதற்கில்லை. உத்தியோகம் நமக்கு முதற்படி. ஆயினும் எத்தேர்விலும் வினவப்படாத வினா ஒன்று உண்டு. ஊரையும் சேரியையும் பிரித்த ஏற்பாடு எப்பொழுது தோன்றியது? ‘ஆதிகாலந்தொட்டு’ என்பதே நாம் கேட்டு வளர்ந்த விடை.

அவ்விடையைச் சோதிக்கும் நூல்கள் இன்று தமிழிலேயே கிடைக்கின்றன. டோனி ஜோசப் 2018-இல் எழுதிய ‘ஆதி இந்தியர்கள்’ அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 65,000 ஆண்டுகளுக்கு முன் வந்தோர் முதலாகப் பல திரளினர் இந்நிலத்தில் கலந்த வரலாற்றை அது மரபணுச் சான்றுகளுடன் விளக்குகின்றது. 2013-இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் முதல் 1,900 ஆண்டுகள் முன்பு வரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தனர். அதன் பின்னரே அகமண வழக்கம் இறுகியது. அஃதாவது, கலவாமை இடையில் வந்தது.

அகமணமே சாதியின் உயிர்நிலை என்பதை அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1916-இல், தமது 25-ஆம் வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே நிறுவினார். மரபணுவைப் படித்தறியும் கருவிகள் அன்று இல்லை! 1948-இல் வெளியிட்ட நூலில், தீண்டாமை கி.பி. 400-ஐ ஒட்டித் தோன்றியது எனக் கணித்தார். சான்று அறுபடும் இடங்களில் ஊகத்தைத் துணைக்கொண்டதை முன்னுரையில் ஒளிவின்றி உரைத்தார். இந்நேர்மையை எந்நூலிலும் நாம் தேட வேண்டும்.

வருங்காலம் பற்றி எழுதுவோரையும் இவ்வாறே ஆராய்தல் தகும். யுவால் நோவா ஹராரியின் ‘21-ஆம் நூற்றாண்டுக்கான 21 பாடங்கள்’ 2018-இல் வெளிவந்தது. (பல்லாயிரம் ஆண்டுகளை ஒரே பத்தியில் தாண்டிவிடுபவர் அவர், நாம் சற்று நின்றே செல்லுதல் நலம்.) உடலையும் அறிவையும் மேம்படுத்தும் தொழில்நுட்பம் செல்வர் கையில் குவிந்தால், மனிதகுலம் உடற்கூற்றிலேயே சாதிகளாகப் பிளவுபடக்கூடும் என எச்சரிக்கின்றார் அவர். பிறப்பால் உயர்வு என்னும் பொய், பணத்தால் மெய்யாக்கப்படும் நிலை அது. பிறர்க்கு இது புதிய அச்சம், நமக்கு அனுபவம். ஆகவே அந்நூலை மதிப்பிடும் தகுதி நம் இளைஞர்க்கே மிகுதி என்போம். அக்கருவிகள் எவர் கைக்கு எட்டும், எவர் கைக்கு எட்டா என்பதை நாமே கேட்டாக வேண்டும்.

இந்நூல்கள் யாவும் படிப்பகத்திற்கு வந்துவிட்டன. வரும் ஞாயிறு மாலை முதல் கூடி வாசிப்போம். அண்ணலின் 1916-ஆம் ஆண்டுக் கட்டுரை அளவிற் சிறியது, அதிலிருந்து தொடங்கலாம்.