பிள்ளையிடம் பேசுவது யார்?

(பூச்சோங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, தொலைக்காட்சியால் பிள்ளைகள் கெடுகிறார்களா என்று பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். இருந்தாலும் பேசித்தான் ஆகவேண்டும். இந்த நிகழ்ச்சி ஓடும் நேரத்திலேயே பல வீடுகளில் பெற்றோர் கையில் ரிமோட்டும் பிள்ளை கையில் கைப்பேசியும் இருக்கும்.

போன சனிக்கிழமை இரவு எங்கள் பூச்சோங் வட்டாரத்தில் ஒரு மாமாக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் ஓர் இளம் குடும்பம். பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும். மைலோ கிளாஸில் சாய்த்து வைத்த கைப்பேசியில் கார்ட்டூன் ஓடுகிறது. அம்மா ரொட்டி சானாயைப் பிய்த்து ஊட்டுகிறார். பிள்ளை கண்ணை எடுக்காமல் மெல்லுகிறது. அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளை வாய் திறந்தது ஒரே முறைதான். பேட்டரி தீர்ந்து திரை அணைந்தபோது. அப்போதும் பேசவில்லை, அலறியது.

அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. விடியற்காலையில் கிளம்பி, எல்.டி.பி. நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி, இரவில் வீடு திரும்புகிறவர்கள் நம் பெற்றோர்கள். ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிட நினைப்பது குற்றமல்ல. ஆனால் அந்த நிம்மதிக்குப் பிள்ளை என்ன விலை கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அன்று ஒரு பெட்டி, பத்துக் குடும்பம்

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28-இல். நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு லயத்துக்கு ஒரு பெட்டி இருந்தால் பெரிய காரியம். தமிழ்ப்படம் போடும் நாளில் பத்துக் குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். வில்லன் வந்தால் பாட்டி திட்டுவார். புரியாததைக் கேட்டால் அண்ணன் விளக்குவான். படம் முடிந்தும் இரண்டு நாளைக்கு அதே பேச்சுதான். அன்றும் நாங்கள் திரை பார்த்தோம். ஆனால் பேசிக்கொண்டே பார்த்தோம்.

பிறகு காலம் மாறியது. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. நாள் முழுக்க நிகழ்ச்சிகள் வந்தன. அடுத்து வீடியோ கேம், சைபர் கஃபே. இன்னொரு பக்கம் தோட்டங்கள் மறைந்தன. பூச்சோங்கில் காசல்பீல்டு, கின்ராரா என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் தோட்டத்தின் பெயர் நிற்கிறது. தோட்டம் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. பத்தாவது மாடியில் இருக்கும் பிள்ளையை "கீழே போய் விளையாடு" என்று தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பள்ளிப் பாடமே கைப்பேசிக்குள் போனது. பாடத்துக்காகக் கொடுத்த கைப்பேசி பல வீடுகளில் திரும்பி வரவேயில்லை.

பார்த்ததைச் செய்யும் பருவம்

திரையில் பார்ப்பதைப் பிள்ளைகள் செய்வார்களா? செய்வார்கள். அமெரிக்காவில் 1961-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 72 பாலர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், தனியாக விட்டபோது அதேபோல் அடித்தார்கள். 1963-இல் அதையே படமாகக் காட்டினார். படத்தைப் பார்த்த பிள்ளைகளும் அடித்தார்கள். இந்தியாவில் 1997-இல் சக்திமான் தொடர் தொடங்கிய பிறகு, அதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆபத்தான செயல்களில் இறங்குவதாகச் செய்திகள் வந்தன. அந்த வேடத்தில் நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இப்படிச் செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காக, கேம் விளையாடுகிறவன் எல்லாம் நாளைக்குக் கத்தி எடுப்பான் என்று பயமுறுத்துவதும் தவறு. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு. பெரிய வன்முறைக் குற்றங்களுக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. எனவே பழியை எல்லாம் கேமின் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

காணாமல் போகும் சொற்கள்

என்னுடைய கவலை வேறு. பிள்ளை எதைப் பார்க்கிறது என்பதோடு, பார்க்கும் நேரத்தில் எதை இழக்கிறது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

"என் மகன் கார்ட்டூன் பார்த்தே ஆங்கிலம் பேசுகிறான், சார்" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பேட்ரிசியா குல் என்ற அறிஞர் 2003-இல் வெளியிட்டது. ஒன்பது மாதம் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை படித்தார்கள். 12 முறை நடந்தது. அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள் பேசியது திரையில் காட்டப்பட்டது. அந்தக் குழந்தைகள் எதையும் கற்கவில்லை. வளர்ந்த பிள்ளை திரையில் சில சொற்களைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் மொழிக்கு அடித்தளம் போடும் வயதில் மனித முகம் வேண்டும்.

2009-இல் வந்த இன்னோர் ஆய்வு, நான்கு வயதுக்குட்பட்ட 329 குழந்தைகள் வீட்டில் கேட்ட பேச்சைப் பதிவு செய்தது. தொலைக்காட்சிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்ட சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. பிள்ளை பார்க்காவிட்டாலும் பெட்டி ஓடினால் நாம் பேசுவதில்லை. நம் வீடுகளில் காலை முதல் சீரியல் ஓடுகிறதே, அதை நினைத்துப் பாருங்கள்.

இது தமிழுக்கும் சேர்த்துத்தான் இழப்பு. நம் பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும் வெளியிலேயே கிடைக்கும். தமிழ் பெரும்பாலும் தாத்தா பாட்டியின் வாயிலிருந்தும் அம்மா அப்பாவின் வாயிலிருந்தும்தான் வரவேண்டும். ஒன்றாம் ஆண்டில் என் முன்னால் வந்து உட்கார்ந்த சில பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும், வண்ணங்களின் பெயர் தெரியும். "நேற்று வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டால் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லத் தெரியாது.

அழுகையும் பொறுமையும்

பிள்ளை அழும்போதெல்லாம் கைப்பேசி கொடுத்தால், அழுகை நிற்கும். ஆனால் கோபத்தைத் தானே அடக்கிக்கொள்ளவும், கொஞ்சம் காத்திருக்கவும் பிள்ளை எப்போது பழகும்? கேமில் ஒவ்வொரு வினாடியும் பரிசு, வெளிச்சம், சத்தம். அதற்குப் பழகிய மனத்துக்கு வகுப்பறையும் புத்தகமும் சலிப்பாகத்தான் இருக்கும். சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கட்டுப்படுத்த முடியாமல் நீண்ட காலம் விளையாடுவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு நோயாகவே அங்கீகரித்தது. எல்லாப் பிள்ளையும் அந்த நிலைக்குப் போவதில்லை. போகும் பிள்ளையை அடித்துத் திருத்த முடியாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெட்டியைத் தூக்கி வெளியே போடச் சொல்லவில்லை. நல்ல நிகழ்ச்சிகளும் உண்டு. நம் நாட்டு உப்பின் இப்பினைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்து, "அந்தப் பாட்டி ஏன் கோபப்பட்டார்?" என்று கேட்டால் அதுவே ஒரு பாடம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: இரண்டு வயது வரை பார்ப்பதற்கென்று திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டு மேசையிலும் படுக்கையிலும் கைப்பேசி வேண்டாம். இந்த விதி பெற்றோருக்கும் சேர்த்துத்தான். பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால், கைப்பேசிதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டாமல் கிளினிக்கில் காது கேட்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். எல்.டி.பி. நெரிசலில் அரை மணி நேரம் நிற்கிறோம் அல்லவா? பின் இருக்கையில் இருக்கும் பிள்ளையிடம் அந்த அரை மணி நேரம் பேசுங்கள். என் பேரனிடம் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரம் கைப்பேசி கேட்டு அழுதான். இரண்டாம் வாரம் லாரிகளை எண்ணினான். இப்போது அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கிறது.

இந்த உரை முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.