சாவியைத் தொடும் முன்னே



ஈப்போ பக்கம் ஒரு வீடு. கொட்டகையில் 1967-ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் கார் ஒன்று. தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆசையாக வைத்திருந்த கார். அவர் காலமான பிறகு 17 ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த மகன், புது பேட்டரியும் ஐந்து லிட்டர் பெட்ரோலும் வாங்கி வந்துவிட்டார். சாவியைத் திருப்புவதுதான் பாக்கி.

பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற மெக்கானிக் வேலியோரம் நின்று சத்தம் போட்டார்: "தம்பி, சாவியைத் தொடாதீங்க! அப்பா வண்டியைக் கொன்னுடுவீங்க!"

பெரியவர் ஏன் அப்படிப் பதறினார்?

மாரிஸ் மைனர் 1948-இல் வெளிவந்த கார். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. பிரிட்டிஷ் கார்களில் முதன்முதலாகப் பத்து லட்சத்தைத் தொட்டது இதுதான். 1962-க்குப் பிறகு வந்தவற்றில் இருப்பது 1098 சிசி இஞ்சின். எளிமையானது, உழைப்பாளி. ஆனால் எந்த உழைப்பாளியும் படுத்தே கிடந்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும் அல்லவா?

இஞ்சின் ஓடாமல் நின்றால், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் மெல்ல வடிந்துவிடும். இந்த நாட்டு ஈரக்காற்றுக்கு அது போதும். பிஸ்டன் வளையங்கள் சுவரோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் முழு வேகத்தில் இழுத்தால் வளையம் உடையலாம், சுவரில் கீறல் விழலாம். 17 ஆண்டுகள் கெடாமல் இருந்த இஞ்சின் ஒரே நொடியில் கெட்டுவிடும்.

பெரியவர் சொன்ன வைத்தியத்துக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

முதல் சனிக்கிழமை பரிசோதனை. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல வேளையாக அது கறுப்பாகத்தான் இருந்தது. காற்று வடிகட்டியில் எலிக்கூடு இருந்தது. பழைய பெட்ரோலைத் திறந்த வெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் வடித்தார்கள். வெகுநாள் கிடந்த பெட்ரோல் பிசினாக மாறிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதைக் கழற்றிக் கழுவினார்கள். பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி மெல்லிய ஆயில் ஊற்றினார் பெரியவர். "ஒரு வாரம் ஊறட்டும். நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

இரண்டாம் சனிக்கிழமை, கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கம் செருகும் கைப்பிடியால் மகனே சுற்றினார். முதலில் அசையவில்லை. "பலம் வேணாம் தம்பி, இப்படியும் அப்படியும் மெதுவா ஆட்டுங்க" என்றார் பெரியவர். கால் மணி நேரத்தில் இஞ்சின் ஒரு முழுச் சுற்று சுற்றியது. பழைய ஆயிலும் வடிகட்டியும் மாற்றப்பட்டன.

பேட்டரி பூட்டும்போது இன்னோர் ஆபத்து காத்திருந்தது. இன்றைய கார்களில் மைனஸ் முனைதான் உடம்போடு சேரும். இந்தக் காரில் பிளஸ் முனை சேர வேண்டும். பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டினால் மின்சாரப் பாகங்கள் கருகிவிடலாம். பிளக்குகள் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சற்றுச் சற்றாக ஓட்டி, ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகுதான் நிறுத்தினார்கள். உள்ளே எல்லா இடத்துக்கும் ஆயில் போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம்.

மூன்றாம் சனிக்கிழமை, பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி சரி பார்த்தார்கள். பிளக் கம்பிகளை 1, 3, 4, 2 என்ற வரிசையில் மாட்டினார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர், தொட்டிக்குப் புது பெட்ரோல். பிறகுதான் சாவி.

இஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி இருமியது. நீலப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரியும் புகை அது. சில நிமிடங்களில் குறைந்துவிட்டது.

சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். மணி இரண்டு. "அவர் பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரந்தான்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மகன் உடனே ஒரு சுற்றுப் போக ஆசைப்பட்டார். பெரியவர் விடவில்லை. ஓடத் தெரிந்த கார் நிற்கவும் தெரிய வேண்டும். இந்தக் காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடித் தளத்துக்குக் கீழே மறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் நின்றால் ரப்பர் கெடும், துரு ஏறும். பிரேக்கும் டயரும் புதுப்பித்து, சாலை வரியும் காப்புறுதியும் எடுத்த பிறகே சாலைக்குப் போக வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஒரு கார் கிடக்கலாம். பேட்டரிக் கடைக்குப் போகும் முன், அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போங்கள். சீக்கிரம் போங்கள். காருக்கு மட்டுமல்ல, அவருக்கும் வயதாகிறது.