வைரம் பீரோவுக்கு அல்ல, காதுக்கு

(நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், வங்கி நகைக்கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தினமும் போட்டுக்கொள்ள வைர நகை எப்படிச் சேர்ப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் நகை வியாபாரி இல்லை. நகைக்கடன் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவள். நகை வாங்கும்போது இருக்கும் முகத்தைவிட, அடகு வைக்க வரும்போது இருக்கும் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. கணவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. ஏழு கல் வைரத்தோட்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்தார். மதிப்பீட்டாளர் கல் எடையைக் கழித்துவிட்டு, தங்கத்துக்கு மட்டும் கணக்குப் போட்டார். "கல்லுக்கு ஒண்ணுமே கிடையாதாம்மா? அவசரத்துக்கு ஆகும்னு விசேஷத்துக்குக்கூடப் போடாம வச்சிருந்தேனே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு என்றால் தங்கம் வாங்குங்கள். வைரம் வாங்கினால் போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் வைரம் போடுவது நமக்குப் புதிதில்லை. நம் பாட்டிமார்கள் ஏழு கல் தோடும் எட்டுக்கல் பேசரியும் போட்டுக்கொண்டேதான் அடுப்படியில் நின்றார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவை நினைத்தாலே மூக்குத்திதான் முன்னால் வருகிறது. நாம்தான் லாக்கருக்குப் பழகிவிட்டோம்.

எதில் ஆரம்பிக்கலாம்? மூக்குத்தி, அல்லது ஒற்றைக்கல் தோடு. மூக்கிலும் காதிலும் இருக்கும் கல் பாத்திரத்தில் இடிபடாது. அடுத்து ஒரு சிறிய பதக்கம். மோதிரம் கடைசியில். மாவு பிசைவது, வாளி தூக்குவது எல்லாம் அந்த விரல்தானே! வைரத்தைவிடக் கடினமான கல் இல்லை என்பது உண்மை. ஆனால் கீறல் விழாது என்றுதான் அதற்கு அர்த்தம். ஓரத்தில் பலமாக இடித்தால் வைரமும் உடையும்.

அடுத்து எடை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஜோடித் தோட்டில் 14 கல், ஒவ்வொன்றும் 5 சென்ட் என்றால் மொத்தம் 70 சென்ட், அதாவது 0.14 கிராம். ரசீதில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லைத் தங்க விலையில் வாங்கிவிடக் கூடாது. இன்னொன்று: கல் பெரிதாகப் பெரிதாக ஒரு காரட்டின் விலையும் ஏறும். தினசரிக்குச் சிறிய கல்லே போதும்.

கல்லில் என்ன பார்ப்பது? சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைவீதியைச் சொல்லும்போதே காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்துக்கு நான்கு குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. இன்றைக்கு அதையே கிளாரிட்டி என்கிறார்கள். நிறத்துக்கு 'டி' முதல் 'இசட்' வரை எழுத்து உண்டு. 'டி' என்றால் நிறமே இல்லாத கல். கடையில் "ப்ளூ ஜாகர்" என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. பெயரைக் கேட்டு மயங்காமல், நிறம் எந்த எழுத்து என்று கேளுங்கள். ஐஜிஐ, ஜிஐஏ போன்ற ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள்.

நகையில் இருக்கும் ஹால்மார்க் தங்கத்துக்குத்தான், வைரத்துக்கு அல்ல. 750 என்றால் 18 காரட், 916 என்றால் 22 காரட். தினசரி போடும் திறந்த கட்டடத்துக்கு 18 காரட் நல்லது. தங்கம் கொஞ்சம் உறுதியாக இருப்பதால் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் சீக்கிரம் தளராது. ஆறு இலக்க ஹெச்யுஐடி எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்திக்கு ரசீதுதான் ஆதாரம், பத்திரமாக வையுங்கள்.

ஆய்வக வைரம் வாங்கலாமா என்று இளம் பெண்கள் கேட்கிறார்கள். அது போலி இல்லை. நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் இருக்கும் அதே கார்பன்தான் வைரம். அதைப் பூமி செய்தால் இயற்கை வைரம், கருவி செய்தால் ஆய்வக வைரம். சென்னை ஐஐடியில் இதற்கென்றே ஆய்வு மையம் அமைக்க 2023-ல் மத்திய அரசு முடிவு செய்தது. அமெரிக்கன் டைமண்ட் என்பது வேறு, அது வைரமே இல்லை. ஆய்வக வைரத்தின் விலை சில வருடங்களாக நன்றாக இறங்கியிருக்கிறது. போட்டுக்கொள்ள வாங்குபவருக்கு அது லாபம், திரும்ப விற்க நினைப்பவருக்கு நஷ்டம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. எது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. வைரத்தில் எண்ணெய் சட்டென்று ஒட்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த மறுநாள் தோடு மங்குவது அதனால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கிண்ணத்தில் கழுவுங்கள், வாஷ் பேசினில் வேண்டாம். பாட்டி காலத்து மூடிய கட்டடம் என்றால் உள்ளே ஈரம் தங்காமல் உலர விடுங்கள். ஒவ்வொரு நகையும் தனி டப்பாவில் இருக்கட்டும். ஒரு வைரம் இன்னொன்றைக் கீறும். திருகாணி தளர்ந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. எட்டு மாதம் கழித்து, தேறிய கணவரையும் அழைத்துக்கொண்டு தோட்டை மீட்க வந்தார். வாங்கிய கையோடு கைக்குட்டையில் முடியவில்லை. கவுண்டரிலேயே நின்று, கம்ப்யூட்டர் கண்ணாடியில் முகம் பார்த்து, இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு போனார்.