கழுதை வலியைச் சொல்லாது

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கழுதையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊரணிக்கும் குண்டாற்றுக்கும் வெளுப்புத் துணியைச் சுமந்து நடந்த ஜீவன் அது. மணலும் செங்கலும்கூட அதன் முதுகில்தான் போயின. மோட்டார் வண்டிகள் வந்தபின் அதன் தேவை குறைந்துவிட்டது. 2012-இல் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கு மேல் இருந்த கழுதைகள், 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 1 லட்சத்து 20 ஆயிரமாகிவிட்டன.

இதனால் கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் கழுதையைத் தொட்டுப் பழகுகிற வாய்ப்பும் சுருங்கிப்போனது. மாடும் ஆடும் நாயும் பார்த்துப் பழகியவரிடம் ஒரு கழுதை வந்தால், புத்தகத்தில் படித்த குதிரைதான் அவர் நினைவுக்கு வரும். அங்கேதான் சிக்கல். கழுதை சின்னக் குதிரை அல்ல.

குதிரைக்கு வயிறு வலித்தால் மண்ணில் புரளும், காலால் தரையைப் பறிக்கும். கழுதைக்கு அதே வலி வந்தால் தலையைத் தொங்கப்போட்டு ஓரமாக நிற்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். பலவீனத்தைக் காட்டினால் வேட்டை மிருகம் வந்துவிடும் என்ற காட்டுப் பாடம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. தென்னமெரிக்க மலைகளில் பொதி சுமக்கிற லாமாவும், ரோமத்துக்காக வளர்க்கிற அல்பாகாவும் நோயை மறைப்பதில் இதே ரகம். கழுதை அசையாமல் நிற்பதைப் பார்த்து, "சோம்பேறிக் கழுதை" என்று ஒரு அடி போடுகிறோம். அது அந்த நேரத்தில் குடல் முறுக்கி நிற்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

தீனி எடுக்காத கழுதையை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடவே கூடாது. பட்டினி கிடந்தால் அதன் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் இந்த ஆபத்து அதிகம். முற்றினால் காப்பாற்றுவது கடினம். கூட்டாளியைப் பிரிந்த ஏக்கத்திலேயே சில கழுதைகள் தீனியை நிறுத்திவிடும். ஆகவே மருந்தகத்துக்கு ஒன்றைக் கொண்டுபோனால் அதன் ஜோடியையும் கூட்டிப் போங்கள். மருத்துவர் வியந்தால் காரணத்தைச் சொல்லுங்கள்.

மருத்துவர்களுக்கும் சில வார்த்தைகள். மாட்டுக்கு 38.5 டிகிரி செல்சியஸ் இயல்பான உடல் வெப்பம். கழுதைக்கு இயல்பு 37-ஐ ஒட்டியது, 38.5 என்றால் காய்ச்சல். கழுத்து ரத்தக்குழாயின் மேல் தசை தடித்திருப்பதால் ஊசியைக் குதிரைக்குப் போடுவதைவிடச் செங்குத்தாகச் செலுத்த வேண்டும். சில வலி மருந்துகளைக் கழுதையின் உடல் சீக்கிரம் வெளியேற்றிவிடும்; குதிரைக்கு விடுகிற இடைவெளி இதற்கு அதிகம். 1969-இல் இங்கிலாந்தில் எலிசபெத் ஸ்வென்ட்சன் தொடங்கிய கழுதைக் காப்பகம், மருத்துவர்களுக்கென்றே கழுதைக்குத் தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது.

குளம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கழுதைக் குளம்பு வறண்ட தரைக்கு ஏற்றது, ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் காலைக் கவ்வுமே, அந்தச் சேற்றில் நாள்கணக்கில் நின்றால் குளம்பு அழுகும். மழைக்காலத்தில் மேடான, காய்ந்த இடம் கொடுத்து, தினமும் அடிக்குளம்பைச் சுரண்டிவிட வேண்டும். முன்னங்காலில் தளை போடுகிறவர்கள் கயிற்றைத் தினமும் அவிழ்த்துப் பாருங்கள். கயிறு அறுத்த புண்ணில் புழு வைக்கும். ரண ஜன்னியும் வரும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

சுமை விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி கழுதை மேல் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டுகிற இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது. நம் சித்திரை, வைகாசிக்கு இதைவிடப் பொருத்தமான விதி உண்டா? கழுதைப் பால் விற்கத் தெருத்தெருவாக ஓட்டிப்போகிறவர்களும் குட்டியை நினைக்க வேண்டும். ஈன்றவுடன் சுரக்கிற சீம்பால்தான் குட்டிக்கு நோய் எதிர்ப்பைத் தருகிறது.

திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கழுதை நிற்கிற ஊருக்கே அழைத்து வரலாம் என்பது என் விருப்பம். தன் கழுதை காதை எப்படிச் சாய்த்தால் உடம்பு சரியில்லை என்பதை அதை வளர்க்கிறவர் அறிவார். அவர் சொல்ல, பிள்ளைகள் குறிப்பெடுக்கட்டும். குளம்பு சீவுவதைப் பிள்ளைகள் அவருக்குக் காட்டட்டும்.

அதுவரை, கழுதை தீனியை மறுத்தாலோ கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நின்றாலோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். எப்போதிலிருந்து தின்னவில்லை, எப்போது சாணம் போட்டது, சினையா இல்லையா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.